நாற்பத்தொன்றாம் இலக்கத் துண்டு

மண்ணெண்ணெய் மணம் எப்போதும் எனக்குப் பின்னால் வந்துதான் தோளைத் தொடும். போன மாரியில், ரொறன்ரோவில் நான் வேலைக்குப் போகும் வழியில், வீதி திருத்துகிறவர்கள் மண்ணெண்ணெய் ஹீற்றர் ஒன்றை மூட்டிவிட்டுக் கைகளைச் சூடாக்கிக்கொண்டு நின்றார்கள். பனிக்குள்ளால் அந்த மணம் வந்தது. நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. நான் கொக்குவிலில் நின்றேன்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், தண்டவாளம் கழற்றப்பட்டுப் புல் மூடிக் கிடந்த பாதைக்குப் பக்கத்தில், ஒரு மதில் வீட்டின் முன்னறையில் எங்கள் கொம்பியூட்டர் வகுப்பு நடந்தது. சண்டையால் ஊரில் கறண்ட் நின்று நாலு வருடம். எங்களிடம் இருந்தது ஒரேயொரு கொம்பியூட்டர். அதற்குச் சோறு போட்டது பின்வளவில் நின்ற ஜெனரேற்றர். சில துளி பெற்றோல் விட்டு உசுப்பினால் பிறகு மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். சனி, ஞாயிறு பின்னேரங்களில் இரண்டிரண்டு மணித்தியாலம். மற்ற நாட்களில் கொம்பியூட்டர் சேலைத் துண்டால் மூடப்பட்டு, சுகமில்லாத ஆளைப்போல இருக்கும். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் நாங்கள் புரோகிராம் எழுதினோம். எழுதியதை மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தோம்.

நாங்கள் என்றால் நானும் மிஸ்சும். இருவரும் அங்கே படிப்பித்தோம். பிள்ளைகள் அவரை மிஸ் என்றார்கள், என்னை மாஸ்ரர் என்றார்கள். நாங்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டோம். பெயர் சொல்ல இருவருக்கும் துணிவில்லை. இத்தனை வருடமாகியும் மனதுக்குள்கூட அவரை 'அவள்' என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அடிமட்டம் இல்லாத நாளில் சீப்பின் முதுகால் கொப்பியில் கோடு கீறுவார். புரோகிராமை உதடு அசைய வாசிப்பார். பிழை இருக்கும் வரியில் உதடு நின்றுவிடும். அந்த உதடு நிற்பதற்காகவே நான் சில பிழைகளை வேண்டுமென்று விட்டிருக்கிறேன்.

கொழும்பிலிருந்த அவருடைய தமையன் ஒருமுறை கொஞ்சம் போட்டோக் கொப்பித் தாள்களை ஆரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். ஒரு மெசின், தூரத்திலுள்ள இன்னொரு மெசினைக் கூப்பிட்டு ஒரு வேலையைச் செய்விப்பது எப்படி என்று அதில் இருந்தது. கூப்பிடுகிற புரோகிராமுக்குத் தூரமே தெரியாதாம். வேலை தன் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு அது கேட்கும். பதில் வரும்வரை அசையாமல் நிற்கும். அந்த வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். இணுவிலில் என் வீடு, உரும்பிராயில் அவர் வீடு. சைக்கிளில் அரை மணித்தியாலம். ஆனால் ஒரு காரணமுமில்லாமல் ஒரு பெடியன் போய் அந்த வீட்டு வாசற் படலையில் நிற்க முடியாத தூரம்.

"இதைச் செய்து பாக்க ரெண்டு மெசின் வேணுமே, மிஸ்."

"மெசினுக்கு எங்கை போறது? நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறம்தானே. நீங்கள் கேளுங்கோ, நான் செய்து அனுப்பிறன்."

அப்படித்தான் தொடங்கியது. எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்த பாண்கார அண்ணை காலையில் பேக்கரியில் பாண் எடுத்துக்கொண்டு உரும்பிராய்ப் பக்கம் விற்கப் போய்ப் பின்னேரம் திரும்புவார். ஒரு கடதாசித் துண்டில் என்ன வேலை, எதை வைத்துச் செய்வது என்று எழுதி, மடித்து, வெளியே இலக்கம் போட்டு அவரிடம் கொடுப்பேன். மிஸ் அந்த வேலையைத் தன் கொப்பியில் செய்து, அதே இலக்கத்தில் பதில் எழுதி அனுப்புவார்.

"உதென்ன தம்பி, காதல் கடுதாசியோ?"

"இல்லையண்ணை. கொம்பியூட்டர்."

"கறண்டில்லாத ஊரிலை கொம்பியூட்டர். அப்ப நான்தான் உங்கடை வயர்" என்று சொல்லிப் பாண் பெட்டிக்குள் துண்டை வைத்தார். வருகிற பதில்களில் பாண் மணத்தது.

வயர் அடிக்கடி அறுந்தது. ஷெல் விழுந்தால் வரமாட்டார்; மாவு இல்லாவிட்டால் வரமாட்டார். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இடம் பதியச் சொல்லி நான் ஒருமுறை துண்டு அனுப்பினேன். பதிலைக் காணவில்லை. அதே துண்டைத் திரும்ப அனுப்பினேன். மிஸ் இரண்டு தரமும் பதிந்துவிட்டார். ஒரு பிள்ளைக்கு இரண்டு கதிரை. அந்தச் சனிக்கிழமை வெறும் கதிரையைக் காட்டி, "உதிலை இருக்கிறது ஆர், மாஸ்ரர்? உங்கடை அவசரமோ?" என்று கேட்டார். அன்றைக்கு நான் இரண்டு சட்டம் போட்டேன். ஒரே இலக்கம் திரும்ப வந்தால் அதைப் பிரிக்கத் தேவையில்லை, வேலையைத் திரும்பச் செய்யவும் கூடாது. கொப்பியில் உள்ள பழைய பதிலையே எழுதி அனுப்ப வேண்டும். மற்றது, ஒரு இலக்கத்துக்குப் பதில் வராமல் நான் அடுத்த இலக்கம் போடக் கூடாது.

மாதங்கள் போகப் போகத் துண்டுகள் வேறு பாதையில் நடந்தன. இருபத்தாறில், உரும்பிராயில் மழையோ என்று கேட்டேன். "ஓம்" என்று வந்தது. முப்பதில், சாப்பிட்டாச்சோ என்று கேட்டேன். "அப்பிடியொரு வேலை இந்த மெசினிலை இல்லை" என்று வந்தது. கீழே, சின்ன எழுத்தில், "புட்டும் சம்பலும்". அந்தத் துண்டை நான் எத்தனை நாள் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நாற்பத்தொன்றில் ஒரு சாதாரணக் கேள்விதான். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. வருகிற சனிக்கிழமை வகுப்பு வைக்கலாமோ என்று கேட்டு அனுப்பினேன். அன்று பின்னேரம் சரியான மழை. பதில் பாண் பெட்டிக்குள்ளேயே கரைந்துபோனதாக அண்ணை சொன்னார். அன்றைக்கே வீட்டில் என் பயணம் முடிவாகியிருந்தது. ஊரைவிட்டு வெளியேற அனுமதிப் பாஸ் கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கிளாலியால் கடல் கடந்து கொழும்பு, அங்கிருந்து வெளிநாடு. ஆறு நாள்தான் இருந்தது. பதில் வராத நாற்பத்தொன்று முன்னால் நிற்க, நாற்பத்திரண்டு போட எனக்கு உரிமையில்லை. அவர் வீட்டுக்கு நேரே போயிருக்கலாம். போகவில்லை. நாற்பத்தொன்றையே திரும்ப எழுதினேன். வகுப்புக் கேள்விக்குக் கீழே எழுதினேன்: "செவ்வாய்க்கிழமை வெளிக்கிடுறன். அதுக்கு முதல் உங்கடை ஐயா அம்மாவோடை கதைக்க வரட்டோ?" மடித்து, வெளியே 41 என்று போட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் பதில் வந்தது. நாற்பத்தொன்று. இல்லை.

அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டுதான் நான் கடல் கடந்தேன். சட்டம் போட்டவன் நான்; ஆசையில் என் முதல் சட்டத்தை நானே மறந்துபோனேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு, இங்கே வேலையிடத்தில் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தோம். ஒரு புரோகிராம் பழைய இலக்கத்திலேயே புதுக் கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தது. மற்ற மெசின் அதைத் திறந்தே பார்க்காமல், வைத்திருந்த பழைய பதிலைத் திருப்பிக் கொடுத்திருந்தது. பக்கத்தில் இருந்தவன் கண்டுபிடித்த சந்தோசத்தில் மேசையில் தட்டினான். நான் எழும்பிக் கழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். படலையில் பாண்கார அண்ணை அவசரமாய் நிற்க, மிஸ் இலக்கத்தைப் பார்த்து, கொப்பியைப் பார்த்து, வகுப்புக்கான 'இல்லை'யை எழுதிக் கொடுத்திருப்பார். அல்லது பிரித்து வாசித்துவிட்டுத்தான் எழுதினாரோ? இதைக் கேட்க ஆளில்லை. தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டை நெருங்க, எங்கள் ஊர்களெல்லாம் சேர்ந்த வலிகாமமே எழும்பி நடந்தது. மிஸ் வீட்டார் சாவகச்சேரியில் இருந்தார்களாம், பிறகு வன்னிக்குப் போனார்களாம். அதற்குப் பிறகு ஒருவருக்கும் தெரியவில்லை. நான் எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன். பதில் வரும்வரை அசையாமல் நிற்கிற அந்தப் புரோகிராமை இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

பயணத்துக்கு மூன்று நாள் இருந்த அந்தச் சனிக்கிழமை, வகுப்பறையின் பூட்டுத் திறப்பைக் கொடுக்கக் கொக்குவிலுக்குப் போனேன். தெரியாமல் வரும் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மிஸ் வந்து, மூடிக் கிடந்த கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் இருந்தார். மழை விட்டிருந்தது.

"பயணமெண்டு பாண்கார அண்ணை சொன்னவர்."

"ஓம். செவ்வாய்க்கிழமை."

"கவனமாப் போங்கோ. கடல் சரியில்லையாம்."

திறப்பை மேசையில் வைத்தேன். போயிருக்கலாம். போக முடியவில்லை.

"நாப்பத்தொண்டுக்கு அதுதான் பதிலோ, மிஸ்?"

"அதுதான். ரெண்டு தரம் கேட்டால் மாறுமெண்டு நினைச்சனீங்களோ?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். படலை வரை பின்னால் வந்தார். படலைக் கொக்கியைப் போட்டார், திரும்பக் கழற்றினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அது பழைய நம்பர், மாஸ்ரர். புதுசா ஏதும் கேக்க இருந்தால் புது நம்பர் போட்டுக் கேளுங்கோ."