குழந்தை சீட்டில் ஏறிய தோசைக்கல்

'எடை பார்க்க மாட்டார்கள்' என்று மயிலாப்பூரில் எந்த வீட்டிலும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. நான் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மாமனார் முன்னால், பெருமையாக வேறு சொன்னேன். குழந்தையின் கார் சீட்டை விமானத்தில் தனி லக்கேஜாகப் போட்டுக்கொள்ளலாம், காசும் கிடையாது, எடையும் பார்க்க மாட்டார்கள் என்று. அப்போதே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. கணவருக்கு நொய்டாவுக்கு மாற்றலாகி, அவர் முன்னாலேயே போய் வீடு பார்த்துவிட்டார். தில்லி விமான நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு மணி நேரம், பாதிக்கு மேல் விரைவுச் சாலை. அந்தச் சாலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "ஏன், நாங்கள்லாம் மடியில வெச்சுண்டு வளர்க்கலையா?" என்றார் மாமனார். வளர்த்தீர்கள், அப்போது வண்டி நாற்பதுக்கு மேல் போகாது என்று எனக்கு நாக்கு நுனி வரை பதில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் நான் விழுங்கியது கொஞ்சநஞ்சமல்ல.

சீட்டுக்கு உறை தைக்க தி.நகருக்குப் போனேன். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் ரெக்சின் பையும் பைக் சீட் கவரும் தைக்கிற பாய் ஒருவர் இருக்கிறார். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எதற்கு என்று கேட்கவில்லை, சிரிக்கவுமில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "தூக்கிப் போடுவானுங்கமா. மூலைங்கதான் மொதல்ல அடி வாங்கும்" என்று நான்கு மூலைக்கும் இரட்டை ஃபோம் வைத்துத் தைத்தார். கொடுக்கும்போது, "உள்ள பள்ளமா கீது பாரு, அங்க பழைய தலகாணி ரெண்டு அமுக்கி வெச்சுக்கோ. கனமா மட்டும் ஒண்ணியும் போட்றாத. வெளிய இருந்து வர்ற அடிக்குத்தான் நான் தச்சிருக்கேன், உள்ள இருந்து வர்றதுக்கு நான் இன்னா பண்ண முடியும்?" என்றார். வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே இரண்டு தலையணையை வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

இங்கே மாமனாரின் திறமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் எங்கள் குடியிருப்புக்கே பெட்டி கட்டிக் கொடுக்கும் ஆள். கொக்கி வைத்த கைத்தராசு ஒன்று வைத்திருப்பார். யார் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் அந்தத் தராசோடு போய் நின்றுவிடுவார். ஒரு பெட்டியில் ஓர் அங்குலம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஊருக்குப் போகிறவர் கையில் அக்கம்பக்கத்தார் "சின்னதா ஒண்ணு" கொடுத்துவிடுவதும், அதை மறுக்காமல் வாங்கிக்கொள்வதும் எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். மறுத்தால் மரியாதை போய்விடும். மரியாதை அவருக்கு, சுமை எங்களுக்கு.

கிளம்புகிற நாள் காலையில் நான் குழந்தையைக் குளிப்பாட்டி வெளியே வந்தபோது, உறையைச் சுற்றி நைலான் கயிறு ஏழெட்டு முடிச்சோடு கட்டியிருந்தது. "ஜிப்பை நம்பப்படாதும்மா, அதான்" என்றார். தூக்கப் போனேன். "நீ குழந்தையைப் பாரு" என்று தானே தூக்கிக்கொண்டார். மீனம்பாக்கத்தில் டிராலியில் ஏற்றியதும் அவர்தான். உள்ளே கவுண்டரில் அதை இழுத்துப் போட்ட ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "இன்னாமா இவ்ளோ வெயிட்டு கீது?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல சீட்டுன்னா அப்படித்தாங்க இருக்கும்" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தில்லி விமான நிலைய வாசலில் வண்டியோடு நின்ற கணவர் கயிற்றை அறுத்தார். தலையணைகளைக் காணோம். அவை இருந்த பள்ளத்தில், பழைய வேட்டியில் சுற்றி, ஓர் இரும்புத் தோசைக்கல். அதைச் சுற்றி இட்லி அரிசி, அப்பளக் கட்டு, புளிக்காய்ச்சல் பாட்டில். மாடிவீட்டு மாமி நொய்டாவில் இருக்கும் தன் மகளுக்குக் கொடுத்துவிட்ட "சின்னதா ஒண்ணு" அந்தத் தோசைக்கல். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, இங்கே என் குழந்தையின் இடத்தையே பிடுங்கியிருந்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. கணவர் சிரித்தார். "அப்பாவைப் பத்தித்தான் தெரியுமே, விடு" என்றார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, போலீஸ்காரர் விசிலடித்தார். தோசைக்கல்லை டிக்கியில் எறிந்துவிட்டு, சீட்டை வண்டியில் பொருத்தி, குழந்தையை உட்காரவைத்து பெல்ட்டை இழுத்து மாட்டினேன். வழி முழுக்கக் கணவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வண்டி நூறில் போனது.

வழியில் குழந்தை வாந்தி எடுத்திருந்தாள். மறுநாள் துவைப்பதற்காகச் சீட்டின் துணியைக் கழற்றினேன். அடியிலிருந்த தெர்மோகோல் இரண்டாகப் பிளந்திருந்தது. அதையும் எடுத்தேன். தோள் பெல்ட் நுழையும் துளையிலிருந்து கீழ்நோக்கி, பிளாஸ்டிக்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். கட்டைவிரலால் அழுத்தினால் வாய் திறந்தது. பாய் தைத்த உறையில் ஒரு கீறல்கூட இல்லை.

வண்டி நூறில் போனது நினைவுக்கு வந்தது. ஒரு பிரேக், ஒரே ஒரு பிரேக் அடித்திருந்தால் போதும்.

மாமனாரைப் போனில் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள், "தோசைக்கல் நன்னா போய்ச் சேர்ந்துதோன்னோ? மாமி ரெண்டு தரம் கேட்டுட்டா" என்றார். சீட் உடைந்துவிட்டது என்றேன். "பிளாஸ்டிக்தானே? பசை போட்டு ஒட்டினா ஆச்சு. தலகாணிய வெச்சு இடத்தை அடைச்சு வெச்சிருந்தியே, அதான் எடுத்துட்டேன்." போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு அவர் கூப்பிட்டபோதெல்லாம் கணவர்தான் எடுத்தார்.

புது சீட் வாங்கினோம். பழையதைக் குப்பையில் போட நான் விடவில்லை. ஆறு மாதம் பரணில் வைத்திருந்து, அடுத்த முறை சென்னைக்கு வரும்போது இரண்டையும் கொண்டுவந்தேன். புதியதற்கு பாயின் உறை, உள்ளே இரண்டு தலையணை. பழையதை மூடாமலே போட்டேன். "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றார் கணவர். ஆமாம், பிடித்திருந்தது. அந்த விரிசலை அந்த மனிதர் கையால் தொட வேண்டும், அது வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் அவர் எதிரே பழைய சீட்டை வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வந்த வழியில் விரிசல் இன்னும் நீண்டிருந்தது. அப்படியும், "கோடு மாதிரின்னா இருக்கு" என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் ஓடிவந்து, தன் பழைய சீட்டை அடையாளம் கண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். காரில் செய்வது போலவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "தாத்தா, பெல்ட்டு!" என்றாள்.

அவர் பெல்ட்டை அவள் தோள் மேல் கொண்டுவந்து மாட்டினார். இறுக்குவதற்காக லேசாக ஓர் இழு இழுத்தார். படக்கென்று ஒரு சத்தம். துளையின் ஓரம் பிய்ந்து, பெல்ட் தளர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது. மகளுக்கு ஒரே சிரிப்பு. இன்னொரு தரம் செய்யச் சொல்லிக் கையைத் தூக்கினாள்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பெல்ட்டைத் திரும்பத் துளையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கு ஏர்போர்ட்லேர்ந்து ஆத்துக்கு இதுலயா வந்தா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"மாட்டறச்சே நீ பார்க்கலையாம்மா?"

ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் என் வாயில் தயாராக இருந்தது. ஆனால் தோசைக்கல்லை எறிந்த கையோடு இந்த பெல்ட்டை இழுத்து மாட்டியவள் நான்தான்.