கறுப்பு பீரும் பரண் கருப்பட்டியும்

கறுப்பாக இருக்கும், கஷாயம் இல்லை. நுரைக்கும், சோப்புத் தண்ணீர் இல்லை. கசக்கும், ஆனாலும் காசு கொடுத்து வாங்குவார்கள். அது என்ன?

விடை: கறுப்பு பீர். சிறிய ஆலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி எடுப்பது. அதைக் குடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறதா, கெட்டிருக்கிறதா என்று சொல்வதுதான் என் வேலை. பெங்களூரில் ஒரு சிறிய ஆலையின் சுவைக் குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். அதில் நான் ஒருத்தி. சொந்த ஊர் தக்கலைக்குப் பக்கம். தேயிலையோ மசாலாவோ ஊறுகாயோ, மற்றவர் வாய்க்குப் போக வேண்டியதை முதலில் தன் வாயில் வைத்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் படும் பாடு புரியும். உறவுக்காரர்கள் வீட்டுச் சாப்பாட்டில்கூட நம்மை யாரும் நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை. முதல் கவளம் உள்ளே போனதும் எல்லோரும் நம் முகத்தையே பார்க்கிறார்கள்.

துப்புவதா, விழுங்குவதா?

வேலை கிடைத்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சித்தியிடம் சொன்னாள். சபைப் பெண்கள் கூட்டத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பது சித்தியின் கவலை. அந்தக் கூட்டத்தில் ஜெபம் நடத்துகிறவளே அவள்தான். உணவுத் தரம் பார்க்கும் வேலை என்று சொல்லிவைக்கலாம் என முடிவானது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு ஒருநாள் சித்தி என்னைத் தனியே கூப்பிட்டு, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம்தானே என்று கேட்டாள். திராட்சை ஒயினைச் சுவைப்பவர்கள் துப்புவார்கள், பீரில் அது நடக்காது என்று விளக்கினேன். பீரின் கசப்பு விழுங்கிய பிறகுதான் தொண்டையில் முழுதாகத் தெரியும். அந்தக் கசப்பு சுத்தமாக அடங்குகிறதா, பிசினைப் போல ஒட்டிக்கொள்கிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. அதற்காக ஒரு மடக்கு, அவ்வளவுதான். சித்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“சரி மக்கா. நீ துப்புவேன்னுதான் நான் சபையில சொல்லுவேன்.”

எந்த வாழைப்பழம்?

குறைகளைச் சொல்ல எங்கள் குழுவில் பொதுவான பெயர்கள் உண்டு. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் பீர் பழசாகிவிட்டது. வெண்ணெய் வாசனை என்றால் அவசரப்பட்டு எடுத்துவிட்டார்கள். வாழைப்பழ வாசனை என்றால் நொதிக்கும்போது சூடு கூடிவிட்டது. சேர்ந்த புதிதில் நான் கையைத் தூக்கி, எந்த வாழைப்பழம் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஊரில் இதற்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். மட்டியின் வாசனை ஒன்று, செந்துளுவனின் வாசனை ஒன்று, ஏத்தன் வேறு.

அடுத்த விடுமுறையில் குழித்துறைச் சந்தையில் ஒரு பழக்கடை முன்னால் நின்று, ஒவ்வொரு குலையிலும் மூக்கை வைத்து, கண்ணை மூடி மனதில் ஏற்றிக்கொண்டேன். மட்டிப் பழம்தான் பீரில் வரும் வாசனைக்கு மிக நெருக்கம். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், எதையும் வாங்காமலே நடக்க ஆரம்பித்துவிட்டேன். கடைக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“மோந்துட்டுப் போறதுக்கு இது என்ன பிச்சிப்பூவா பிள்ளே?”

மூன்று கிளாஸ்

ஆலையில் பீர் காய்ச்சும் பொறுப்பு ஹரீஷுடையது. சுவைக் குழுவில் யார் உட்காரலாம் என்று முடிவு செய்பவரும் அவரே. போன வருடம் அவர் புதிதாக ஒரு கறுப்பு பீர் காய்ச்சினார். கனமானது, சாதாரண பீரைவிட நன்றாகவே வலுவானது. வறுத்த பார்லியோடு கருப்பட்டியும் போட்டிருந்தார். கருப்பட்டி நான் ஊரிலிருந்து கொண்டுபோனது. இந்த மாதிரி பீர் ஐஸ் குளிரில் இருந்தால் வாசனை வெளியே வராது. கிளாஸை உள்ளங்கையில் வைத்துக் குளிர் விடும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு முதலில் மூக்கு, அடுத்து வாய். நான் அப்படியே செய்தேன். எடுத்ததும் வறுத்த காப்பிக்கொட்டை. கடைசியில் நாக்கின் ஓரத்தில் கருப்பட்டி. குறை என்று எதுவும் எழுதாமல் முழு மதிப்பெண் போட்டேன்.

மற்ற நான்கு பேரும் ஒரே குறையை எழுதியிருந்தார்கள்: புகை. கறுப்பு பீரில் வறுத்த வாசனை இருக்க வேண்டும், புகை வாசனை இருக்கக் கூடாது. ஹரீஷ் என் முன்னால் மூன்று கிளாஸ் வைத்தார். இரண்டில் ஒரே பீர். ஒன்றில் மட்டும் புகை வாசனை ஒரு துளி சேர்த்தது. வேறானது எது என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னேன். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் தப்பு. கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த மூக்கு, இனிப்பையும் புகையையும் வறுவலையும் ஒன்றாகவே கட்டி வைத்திருந்தது.

ஒரு குறையைக் கண்டுபிடிக்க முடியாதவர் குழுவில் உட்காரக் கூடாது என்பது விதி. ஆனாலும் ஹரீஷ் ஒரு வாய்ப்பு கொடுத்தார். புகை நான் கொண்டுபோன கருப்பட்டியிலிருந்து வந்தது. ஊருக்குப் போய், புகையில்லாத கருப்பட்டியை நானே மோந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அது முடிந்தால் என் நாற்காலி எனக்கு. அவர் கோபமாகப் பேசவில்லை.

“அது உங்களுக்கு வாசனையே இல்ல. உங்க வீட்டுக் கிச்சன்.”

கோட்டாற்றுக் கடை

எங்கள் பக்கம் மழை அதிகம். ஈரக்காற்றில் கருப்பட்டி கசிந்து உருகும். அதனால் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றி வைப்பார்கள். கீழேயிருந்து போகும் சூடும் புகையும் அதைக் காயவைத்துக் காப்பாற்றும். இங்கே புகை குறை அல்ல. பரணில் கிடந்ததா என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

கோட்டாற்றில் ஒரு கருப்பட்டிக் கடையில் நான் தலைகீழாகக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பரண் ஏறாத புதுக் கருப்பட்டி கொஞ்சம் எடுத்துத் தந்தார். ஆனால் அது பழையதோடு ஒரே அறையில் கிடந்தது. புகை அதிலும் ஏறியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். பழையதையும் வாங்கி, கைக்கு ஒன்றாக வைத்து மோந்து பார்த்தேன். இரண்டும் கருப்பட்டியாகத்தான் இருந்தன. இன்னும் நல்லதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“புகை வேண்டாம்னா சீனி இருக்கு தாயி. எதுத்த கடையில கேளுங்க.”

ஷைனியின் மூக்கு

என் அண்ணன் மகள் ஷைனி மஸ்கட்டில் பிறந்து வளர்ந்தவள். ஏழு வயது. அங்கே மின்சார அடுப்பு. அந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்த முதல் நாள் கருப்பட்டிக் காப்பியை மோந்து, கரிஞ்ச மணம் அடிக்கிறது என்று தள்ளிவிட்டாள். இரண்டு கருப்பட்டியோடும் நான் வீட்டுக்குப் போனபோது அவள் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அவள் அம்மாவை நான் மைனி என்று கூப்பிடுவேன். மைனி எனக்காக மூன்று கிண்ணம் வைத்தாள். இரண்டில் பரண் கருப்பட்டி கரைத்த வெந்நீர், ஒன்றில் புதியது. எது எதுவென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். நான் மோந்தேன். தப்பு. இடம் மாற்றினாள். தப்பு. மைனி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஷைனியைக் கூப்பிட்டாள். அவள் வரிசையாக மூக்கை வைத்துவிட்டு, புதியது இருந்த கிண்ணத்தைக் காட்டினாள். இடம் மாற்ற மாற்ற அதையே காட்டினாள். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

“இதுல மட்டும் தீ இல்ல அத்தை.”

புதுக் கருப்பட்டியில் புகை இல்லை என்று தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தது நான் என்று சொன்னால் நாற்காலி எனக்கு. மைனிக்கும் அதுதான் யோசனை. “ஒண்ணும் சொல்லாண்டாம். அவருக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள். அவருக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் நாளைக்கு இன்னொரு பீரில் புகை வந்தாலும் நான் முழு மதிப்பெண் போடுவேன், ஹரீஷ் அதை நம்புவார். அன்றே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் கருப்பட்டியை அனுப்பச் சொன்னார்.

“மத்த பீருக்கெல்லாம் உக்காருங்க. கறுப்புக்கு மட்டும் வேண்டாம்.”

ஆக, எங்கள் ஊர் இனிப்பு போட்ட ஒரே பீரைத் தவிர, உலகத்தில் உள்ள மற்ற எல்லா பீருக்கும் தீர்ப்புச் சொல்லத் தகுதி பெற்றவளாகிவிட்டேன்.

போனை வைத்தபோது மைனி கிண்ணங்களைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தாள். வீணாகக் கொட்ட வேண்டாம், பிடித்ததைக் குடித்துக்கொள் என்று ஷைனியிடம் சொன்னேன். அவள் பரண் கருப்பட்டிக் கிண்ணங்கள் இரண்டையும் குடித்தாள்.