ஓமா, வேணாமா

பன்னிரண்டு வயதில் கிள்ளானில் சைக்கிளோடு விழுந்ததில் என் முன்பல் ஒன்று செத்துக் காப்பி நிறமாகிவிட்டது. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். தொண்ணூறுகளில், என் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “மாலை மாத்துற நேரத்திலயும் வாயைப் பொத்திக்கிட்டேதான் நிப்பியா?” என்று என்னை பஸ்ஸில் ஏற்றி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

பல்லின் மேல் ஒட்டும் பீங்கான் தகட்டில் டாக்டர் இரண்டு வகை காட்டினார். ஒன்று நகத்தைவிட மெல்லிசு, பல்லைத் தொடாமல் அப்படியே ஒட்டலாம். மற்றது வழக்கமானது, கொஞ்சம் தடிப்பு. அதற்குப் பல்லின் முன்பக்கத்தைச் சீவ வேண்டும். சீவினது சீவினதுதான், திரும்ப வளராது. மெல்லிசே போதும் சாமி! ஆனால் அதைச் சொல்வதற்குள் மனுஷர் இரண்டு கன்னத்திலும் பஞ்சைத் திணித்துவிட்டார்.

“இது கறுத்த பல், பிள்ளை. மெல்லிசு மறைக்காது. சீவட்டோ?”

“வேணாம்!” என்று அலறினேன். பஞ்சுக்குள்ளிருந்து வந்தது என்னவோ “ஏ...ஓம்!”

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கள் பேச்சில் ‘ஓம்’ என்றால் ‘ஆமாம்’. மெஷினைக் கையில் எடுத்தார். நான் “ஏ...ஓம்! ஏ...ஓம்!” என்று கத்தக் கத்த, “ஓம், ஓம், விளங்குது” என்று இன்னும் கிட்டே வந்தார். அவர் கையைத் தட்டிவிட்டுப் பஞ்சைத் துப்பினேன்.

“வேணாம்னு சொன்னேன் லா, டாக்டர்!”

“ஐயோ பிள்ளை, ஓம் எண்டெல்லோ எனக்குக் கேட்டது!”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அடங்கியதும் அவர் மெல்லிசுத் தகட்டை என் பல்லில் வைத்துக் கண்ணாடியை நீட்டினார். காப்பி நிறம் அப்படியே எட்டிப் பார்த்தது. என் கை அது பாட்டுக்கு வாய்க்குப் போனது. அந்தக் கை மேல் எனக்கு வந்த கோபம்!

“சீவுங்க டாக்டர்.”

மனுஷர் உஷாராகிவிட்டார். “வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஓமோ, வேண்டாமோ?”

“ஓம்! ஓம்! ஓம்!”

கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதும் தாலி ஏறும்போதும் ஈ என்று இளித்துக்கொண்டே நின்றேன். போட்டோக்காரர் கெஞ்சாத குறை.

“தங்கச்சி, ஒரே ஒரு படம் வாயை மூடி எடுக்கலாமா?”

“வேணாம்!” என்றேன். மண்டபத்துக்கே கேட்டது.