கரண்ட் போன நேரத்தில் குடித்த டீ

சாஃப்ட்வேர் டெஸ்டிங் என்பது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் நாத்தனார் வேலை. அதைச் செய்து திட்டு வாங்குகிற சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

2008-இல் தேனியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். சர்வரின் முழு அதிகாரமும் யார் கையில் இருக்கிறதோ, அவர் அதில் செய்வதையெல்லாம் திரையோடு பதிவு செய்யும் பெட்டி ஒன்றை விற்றோம். அது ஒழுங்காகப் பதிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

இஸ்திரி போட்ட சட்டை

போடியில் ஒரு ஏலக்காய் ஏல நிலையத்தில் பெட்டியை வைத்தோம். அங்கே சர்வரைப் பார்த்துக்கொண்டவர் உத்தமபாளையம் ஜமால் அண்ணன். அன்று இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்து விறைப்பாக உட்கார்ந்தார். கேமரா எதுவும் இல்லை, திரையில் நடப்பது மட்டும்தான் பதிவாகும் என்றேன். மனிதருக்கு ஏமாற்றமாகிவிட்டது. "அப்ப மூஞ்சியப் பாக்காமலே ஆளைச் சந்தேகப்படுற மிஷினாம்மா இது?"

டீக்கடைக் கேள்வி

அந்த வருஷம் கரண்ட் தினமும் மணிக்கணக்கில் போகும். போனதும் மெஷின்களை அணைத்துவிட்டு மொத்த ஆபீசும் டீக்கடைக்குக் கிளம்பிவிடுவோம். "கரண்டு போனா உங்க பொட்டி என்னம்மா செய்யும்?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார். அதுவும் எங்களோடு டீக்கு வந்துவிடும் என்று சிரித்தேன். அவர் விடவில்லை. "சரி, திரும்பி வேலைக்குப் போகுமா?"

பதினொரு மணி

பெட்டி வைத்து மூன்று மாதம் கழித்து, போடி நிலையத்தில் ஏலப் பட்டியல் சர்வரிலிருந்து காணாமல் போனது. பதிவைப் போட்டுப் பார்த்தால் காலை பதினொரு மணியோடு நிற்கிறது. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, ஆகவே பெட்டியில் கோளாறில்லை. பாஸ்வேர்டு வைத்திருக்கும் ஜமால்தான் பதிவை நிறுத்திவிட்டுப் பட்டியலை அழித்திருக்கிறார் என்று ஏல நிலைய முதலாளி முடிவுகட்டி, வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். அண்ணன் எனக்குப் போன் செய்தார். "பட்டியல் எப்படிப் போச்சுன்னு எனக்கும் தெரியலம்மா. ஆனா பொட்டிய நான் தொடல. பதினோரு மணிக்குக் கரண்டு போச்சு, அம்புட்டுத்தான்."

போனை வைத்ததும் எங்கள் ஆபீசில் இருந்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினேன். பச்சை விளக்கு ஜோராக எரிந்தது; உள்ளே ஒன்றுமே பதியவில்லை. இதை நான் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை. கரண்ட் போன நேரமெல்லாம் டீக்கடையில் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஏல நிலையத்துக்கு லெட்டர் எழுதிவிடலாம் என்றேன்; எங்கள் மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சத்தமில்லாம சரி பண்ணிருவோம்மா. லெட்டர்லாம் எதுக்கு?"

லெட்டர்

எழுதினேன். தவறு எங்கள் பெட்டியுடையது, சோதிக்காமல் கையெழுத்துப் போட்டது நான் என்று எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, முதலாளி கண் முன்னாலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகிக் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தும் பதிவு ஓடாததை அவரே பார்த்தார். பிறகு ஜமால் அண்ணனுக்கு ஆள் அனுப்பினார்.

அண்ணன் வந்தார். சட்டை கசங்கியிருந்தது. நன்றி சொல்வார் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! "என்னையப் பாக்க ஒரு பொட்டி வச்சாக. பொட்டியப் பாக்க உங்கள வச்சாக. நீங்க எங்கனம்மா போனீக?"

அன்றிலிருந்து கரண்ட் போனால் எல்லோரும் கடைக்குப் போக, நான் பெட்டி முன்னால் உட்கார்ந்து, அவர்கள் வாங்கி வரும் ஆறிப்போன டீயைத்தான் குடிக்கிறேன்.