ஜெயித்தது எங்கே போகும்?

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டை கிடக்கிறது. பலாமரத்துக் கட்டை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி, நடுவில் துளை போட்டு, நைலான் கயிறு கோத்தது. கயிறு சாயம் போய் வெளுத்துவிட்டது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை. உண்மையில் அது ஜீப்புச் சக்கரத்துக்கு வைக்கிற கட்டை. மலை ரோட்டில் மேடு ஏறும்போது வண்டியை நிறுத்த வேண்டி வந்தால், பின்னால் உருண்டுவிடாமல் பின்சக்கரத்துக்கு அடியில் போடுவது. பின்வாசலை ஒட்டி உட்காருகிறவள்தான் குதித்து இறங்கி அதைப் போட வேண்டும். எங்கள் ஜீப்பில் அந்த இடம் என்னுடையது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏதாவது ஒன்று ஆனால் முதல் ஆளாகக் குதித்துவிடலாம் என்று நினைத்தேன். குதித்தால் எங்கே போய் விழுவோம் என்ற கவலை அடுத்த நாளே வந்துவிட்டது, ஆனால் அதற்குள் இடம் எனக்கென்று ஆகிவிட்டது.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஏலத்தோட்ட வேலைக்குப் போனேன். சின்னமனூரில் இருந்து மேலே ஏறுகிற ரோடு அப்போது ரோடாகவே இருக்காது, கல்லும் குழியும்தான். விடிந்தும் விடியாமலும் ஜீப்பு வரும். அதில் நாங்கள் பொம்பளைகளாக அடைந்துகொண்டு, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவோம். எங்கள் குழுவுக்குத் தலைமை என் பெரியம்மா, அம்மாவுக்கு மூத்தவர். அவர் வாய்க்கு எல்லாரும் பயப்படுவோம். வண்டி ஓட்டியவரை எல்லாரும் ஜீப்பு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மெலிந்த ஆள், கழுத்தில் எப்போதும் ஒரு மப்ளர். அவரால் பேசாமல் வண்டி ஓட்ட முடியாது. பேசுவதும் ரோட்டைப் பார்த்துப் பேசமாட்டார், கண்ணாடியில் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். "அண்ணே, ரோட்டப் பாருங்கண்ணே" என்று நான் கடைசியில் இருந்து கத்துவேன். தினமும் கத்தினேன். ஒரு நாளும் அவர் கேட்டதில்லை.

அவர் எங்களுக்கு ஒரு விளையாட்டுப் பழக்கிவிட்டிருந்தார். முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியதும் இரண்டு மிருகத்தின் பேரைச் சொல்வார். இரண்டும் சண்டை போட்டால் எது ஜெயிக்கும்? தோட்டம் வந்து சேருவதற்குள் ஜீப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தித் தீர்க்க வேண்டும். கரடியும் சிறுத்தையும், காட்டுப்பன்றியும் செந்நாயும் என்று தினம் ஒரு ஜோடி. பள்ளத்தைப் பார்த்து நாங்கள் பயப்படக் கூடாது என்பதற்காகத்தான் அதைத் தொடங்கினார் என்று இப்போது தோன்றுகிறது. எல்லா ஜோடிக்கும் ஏதோ ஒரு முடிவு வந்துவிடும், ஒன்றுக்கு மட்டும் வரவே இல்லை. யானையா, காட்டுமாடா? அண்ணன் காட்டுமாட்டுக் கட்சி. அதன் கழுத்தையும் முதுகுத் திமிலையும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையால் காட்டுவார். பெரியம்மா யானைக் கட்சி. "யான சண்ட போடணும்னு அவசியமே இல்ல, சும்மா சாஞ்சாப் போதும்" என்பார். "சாயிறதுக்கு அது எடங்குடுத்தாத்தான ஆத்தா? அடியில பூந்து வயித்துல ஒரு தூக்கு, அம்புட்டுத்தான்" என்று அண்ணன் விடமாட்டார்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. எனக்கு வேறு கவலை. ஒரு நாள் கேட்டேவிட்டேன், "ஜெயிச்சது பெறகு எங்கன போகும்ணே?" ஜீப்பே சிரித்தது. "மாலையப் போட்டுக்கிட்டுச் சின்னமனூருக்கு ஊர்வலம் போகும், நீ ஆரத்தி எடு" என்றார் அண்ணன். அதற்கப்புறம் நான் வாய் திறந்தாலே யாராவது ஆரத்தித் தட்டைப் பற்றிக் கேட்பார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. தோற்றது செத்துக் கிடக்கும், சரி. ஜெயித்தது உடம்பெல்லாம் காயத்தோடு, அந்த வெறியோடு அதே காட்டில்தானே நிற்கும்? நாங்கள் அதே காட்டில்தானே குனிந்து ஏலக்காய் பறிக்கிறோம்?

அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காட்டுக்குள் சத்தம் கேட்டால் என்ஜினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். ஹாரன் கூடாது, லைட் கூடாது. சத்தம் இருக்கிறவரைக்கும் அங்கே மிருகம் இருக்கிறது, சத்தம் நின்றால் போய்விட்டது. அப்புறம் வண்டியை எடுக்கலாம். எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம். எத்தனையோ நாள் அப்படி நின்று, சத்தம் ஓய்ந்த பிறகு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறோம்.

அன்றைக்கு மூட்டம் கனமாக இருந்தது. கடைசி வளைவுக்குக் கொஞ்சம் கீழே, மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது மேலே இடது பக்கத்து ஏலச்செடிக்குள் பிளிறல் கேட்டது. அண்ணன் வண்டியை அணைத்தார். நான் குதித்துக் கட்டையைப் போட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். பிளிறலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம். துருத்தி ஊதுவது போல, அடித்தொண்டையில் இருந்து. அது காட்டுமாடு என்று எங்களுக்குத் தெரியும். மரம் முறிகிற சத்தம், மண்ணில் ஏதோ கனமாக மோதுகிற சத்தம். ஜீப்பின் தகரம் அதிர்ந்தது. மடியில் இருந்த தூக்குச்சட்டிகளின் மூடி தானாகக் கிலுகிலு என்றது.

முதலில் எல்லாரும் கல்லாக இருந்தோம். ரொம்ப நேரம் பயந்துகொண்டே இருக்க மனுசரால் முடியாது போல. அண்ணன் மெதுவாகத் திரும்பி, "கேட்டுக்கங்க, எம் மாடு ஏறி அடிக்கிது" என்றார். பெரியம்மா குரலைத் தணிக்காமலே, "இம்புட்டு நேரம் ஒன் மாடு நிக்கிதுன்னா, யான இன்னும் பல்லே வெளக்கலன்னு அர்த்தம்" என்றார். ஜீப்பு முழுக்கக் குபீரென்று சிரித்தது. நான்கூடச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்போடு காட்டில் சத்தம் நின்றது. ஓய்ந்து ஓய்ந்து நிற்கவில்லை. அறுத்துவிட்ட மாதிரி நின்றது.

"முடிஞ்சிருச்சு" என்றார் பெரியம்மா. "போய்ப் பாரு ராசா. ஒன் மாடு கால நீட்டிக் கெடக்கும்." அண்ணன் மப்ளரை இறுக்கிக் கட்டினார். இத்தனை நாள் வாயால் போட்ட வழக்குக்குத் தீர்ப்பு ஐம்பதடி தள்ளிக் கிடக்கிறது, பார்க்காமல் போனால் காலத்துக்கும் பெரியம்மா வாயில் விழ வேண்டும். அவரிடம் அதற்குமேல் காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. "வேணாம்ணே, ஜெயிச்சது அங்கனதான நிக்கும்" என்றேன். "ஆரத்தியக் கரைச்சு வையி, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். செடிக்குள் நுழைந்ததும் விசிலடித்தார், தான் எங்கே இருக்கிறேன் என்று எங்களுக்குத் தெரிவதற்காக. கொஞ்சம் தள்ளி இன்னொரு விசில். அதற்குப் பிறகு இல்லை.

எனக்கு வந்த கவலைகளை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். எங்களில் ஒருத்திக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. பின்னால் பள்ளம். வண்டியை ஒரு கட்டை பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கட்டையைச் சரியாகப் போட்டேனா? அண்ணன் வராவிட்டால் அவர் வீட்டில் யார் போய்ச் சொல்வது? இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. சில்வண்டுகூடக் கத்தவில்லை. அந்த மலையில் சில்வண்டு கத்தாத நேரம் என்று ஒன்றை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அண்ணன் வந்தார். பின்பக்கமாக நடந்து வந்தார். முதுகு எங்கள் பக்கம், முகம் செடியின் பக்கம், ஒவ்வொரு காலாகத் துழாவி வைத்து. வண்டியை முதுகால் தொட்ட பிறகுதான் திரும்பினார். முகத்தில் ஒரு கீறல் இல்லை. எங்களையும் அவர் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் கையைக் காட்டினார், கட்டையை எடு என்று. இறங்கி உருவி எடுத்து, ஏறி மடியில் போட்டுக்கொண்டேன். அவர் ஏறி உட்கார்ந்தும் சாவியைத் தொடவில்லை. கதவைச் சாத்தாமல், ஹேண்ட் பிரேக்கை விட்டார். ஜீப்பு சத்தமில்லாமல் பின்னால் உருளத் தொடங்கியது.

அண்ணன் கழுத்தைத் திருப்பவில்லை. முன்னாலும் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்தார். கடைசி ஆளாக உட்கார்ந்திருந்த நான்தான் இப்போது முதல் ஆள். நான் கையை இடப்பக்கம் நீட்டினால் இடப்பக்கம் ஒடித்தார், வலப்பக்கம் நீட்டினால் வலப்பக்கம். பள்ளத்தின் விளிம்பு மூட்டத்துக்குள் வந்து வந்து போனது. அன்றைக்கு மட்டும் அவரை ரோட்டைப் பார்க்கச் சொல்லி நான் கத்தவில்லை. எனக்கு முன்பக்கம் என்ன நடந்தது என்று தெரியாது. நான் திரும்பிப் பார்த்திருந்தால் எல்லாரும் செத்திருப்போம். பெரியம்மா பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சுக்காரி அதைப் பற்றிச் சாகும்வரைக்கும் ஒரே ஒரு வரிதான் சொன்னார். "ரோட்டோரமா ரெண்டு எடத்துல செடி ஆடிக்கிட்டே வந்துச்சுடி."

கீழ் வளைவுக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் கட்டையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் ஊர் திரும்பினோம். மறுநாள் வேறு டிரைவர் வந்தார். ஜீப்பு அண்ணன் அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றுகிற லோடு வண்டிக்குப் போய்விட்டார் என்றார்கள். எது செத்தது என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்டார்கள். தோட்டத்து வாச்சர்கள் போய்ப் பார்த்ததில் செடி நாசமாகிக் கிடந்ததாம், ரத்தம் இருந்ததாம், உடம்பு எதுவும் இல்லையாம். அண்ணனிடம் கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. விடாமல் பேசுகிற ஒரு மனுசர் பேச்சை விட்டுவிட்டால் ஒரு தெருவுக்கே அது எப்படித் தெரியும் என்பதை அவர் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் கண்டேன். சாப்பிட்டீங்களா என்பதற்குத் தலையாட்டுவார். அவ்வளவுதான்.

வருசங்கள் கழித்து மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். அவருக்கு முடி கொட்டிவிட்டது, மப்ளர் மட்டும் அப்படியே. பத்திரிகையை வாங்கிக்கொண்டு, "அந்தக் கட்ட ஒங்கிட்டதான இருக்கு?" என்றார். இருக்கிறது என்றேன். எடுத்து வந்து கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமென்று கையை அசைத்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"ரெண்டுமே நின்னுச்சு தங்கச்சி. எதுவும் சாகல. கொம்புல ரத்தம், தும்பிக்கையில ரத்தம். பக்கத்துல பக்கத்துல, வெலா ஒரச நிக்கிதுக, ஒரே தொழுவத்துல கட்டுனது மாதிரி. ரெண்டும் ரோட்டுப் பக்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னுச்சுக. ஓஞ்சுபோயி நிறுத்தல. நாம சிரிச்சோம்ல, அதக் கேக்க நிறுத்தியிருக்குக."

அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அண்ணன் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஜெயிச்சது எங்கன போகும்னு கேட்டேல்ல. ரெண்டும் ஒண்ணாத்தான் காலெடுத்து வச்சுச்சு. எம் பக்கமா."

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. இப்போது அவரும் இல்லை. நான் மலை வேலையை விட்டு, மகள் குடும்பத்தோடு பழனிசெட்டிபட்டிக்கு வந்து, மெயின்ரோட்டை ஒட்டியே வீடு பார்க்கச் சொன்னேன். இரைச்சலாக இருக்குமே என்றார்கள். இருக்கட்டும் என்றேன். லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருக்கிறவரை எனக்கு ஒன்றும் இல்லை. எப்போதாவது, பகலிலேயே, இரண்டு பக்கமும் வண்டி இல்லாமல் ரோடு ஒரு நொடி அடங்கும் பாருங்கள், அப்போது கையில் என்ன வேலை இருந்தாலும் நின்றுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். யானைக்கும் காட்டுமாட்டுக்கும் சண்டை வந்தால் எது ஜெயிக்கும் என்று ஒருவர் அதில் கத்திக்கொண்டிருந்தார், பின்னால் மேளச் சத்தம் மாதிரி ஒரு மியூசிக். "அத்த, நீங்க மலைக்கு வேலைக்குப் போனவுக. நீங்க சொல்லுங்க, எது ஜெயிக்கும்?" என்று சிரித்துக்கொண்டே போனை என் பக்கம் நீட்டினார். நான் சொல்வது கேட்க வேண்டும் என்று வீடியோவை நிறுத்தினார். வாசலில் அந்த நேரம் பார்த்து ஒரு வண்டியும் போகவில்லை. ஒட்டிச் சேர்த்த படம்தான், ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் காட்டுமாடு. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சத்தத்த வைங்க மாப்பிள" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, கட்டையை உள்பக்கமாக, சரிவு கதவைப் பார்க்கும்படி காலால் தள்ளி இறுக்கினேன்.