மாடியில் நான்கு வால்வுகள்

புதுவாயலில் நாங்கள் நான்கு குடித்தனம், மாடியில் ஒரே டேங்க். கோடை முழுவதும், மாலையில் நான் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம் என் குழாயில் நூலாகத்தான் தண்ணீர் வரும்.

"டேங்க்ல தண்ணி இல்லடி. எங்க ஊட்ல புடிச்சி வச்சிருக்கேன், எடுத்துக்கினு போ" என்பார் பக்கத்து வீட்டு மேரியக்கா. தினமும் இரண்டு குடம் கொடுப்பார்.

ஒரு நாள் லீவு போட்டிருந்தேன். மதியம் குளியலறைக் குழாய் கையோடு உடைந்து வந்துவிட்டது. தண்ணீர் பீறிட்டு வீடெல்லாம் ஓடியது. எங்கே மூடுவதென்று தெரியாமல் கத்தினேன். அக்கா மாடிக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே நான்கு வால்வுகள். எதிலும் அடையாளம் கிடையாது. மூன்று துருவேறிக் கிடந்தன. அக்கா தேடவே இல்லை. நேராகப் போய்க் கடைசி வால்வைத் திருகினார். கீழே சத்தம் நின்றது. அது ஒன்றுதான் கைபட்டுக் கைபட்டுப் பளபளத்தது.

"என்னுது இதான்னு எப்பிடிக்கா தெரியும்?"

"இன்னாடி கேள்வி இது? போய் ஊட்டத் தொடச்சி வுடு." என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

இங்கே குடிவந்த இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட மாடியேறிப் பார்க்காதது என் தப்புதான். ஆனால் அந்தக் கோடை முழுவதும், என் தண்ணீரையே அவரிடம் குடத்தில் வாங்கிக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும்க்கா" என்று சொல்லியிருக்கிறேன்.