கேள்வி கேட்காத புத்தகம்

“இன்னா புக்கு குடுத்தீங்க டீச்சரம்மா? ஊட்டுல நிம்மதியா சோறு துன்ன முடியல!”

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, தேசப்பன் புத்தகத்தை மேஜைமேல் பொத்தென்று வைத்தபோது அரைத் தூக்கத்தில் இருந்தேன்.

தேசப்பன் பொன்னேரியை அடுத்த ஆரணிக்காரர். சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறவர். அந்த ஊரில் நாங்கள் சிலர் ஒரு வாசகசாலை நடத்துகிறோம். ஞாயிறுதோறும் அங்கே பெற்றோருக்கு ஒரு வகுப்பு. பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது எப்படி, வாசித்தபின் என்ன பேசுவது — இதுதான் பாடம். சென்னையிலிருந்து ரயிலில் கரிப்புகை குடித்து, பொன்னேரியில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால்... ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதில் பாதி வெயிலுக்கு ஒதுங்கினவர்கள்.

வராதவர்களை நினைத்தே களைத்துப்போன எனக்கு, வந்தவர் ஒருவர் சண்டைக்கு நிற்பது புதுசு.

நடந்தது இதுதான். நான் கொடுத்தது ஒரு மைனாக் கதை. தாய் மைனா ஒரு குஞ்சைப் பறக்கப் பழக்குகிறது. இன்னொன்றைக் கூட்டுக்குக் காவல் வைக்கிறது. தேசப்பன் எழுத்துக்கூட்டி வாசித்து முடித்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, “இன்னா கேக்கணுமோ கேளுங்க” என்றிருக்கிறார்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் சின்ன மகள் கேட்டாளாம். “நைனா, நம்ம அக்காவும் அந்தக் காவல் குஞ்சு மாதிரிதானே?”

பெரியவள் மல்லிகா ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! அன்றும் அவள் மடியில்தான் குழந்தை. பாயில் கிடத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். அதோடு அப்பாவிடம் பேச்சு நின்றது.

“நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

“இன்னாத்த சொல்றது? வெளக்க அணைச்சிட்டுப் படுங்கன்னேன். வேற புக்கு குடுங்கம்மா... கேள்வி கேக்காத புக்கா பாத்து.”

வாதாடத் தெம்பில்லை. நிஜமாகவே அலமாரியில் தேடினேன்! கிடைக்கவில்லை.

“கேட்டது புத்தகமா? உங்க பொண்ணுதானே?” என்றேன், அலுப்போடு.

வெறுங்கையோடு போய்விட்டார். அப்புறம் சில வாரங்கள் ஆளையே காணோம். சரி, ஒரு தலை குறைந்தது...

இந்த வாரம் மல்லிகாவோடு வந்தார். குழந்தை இருந்தது அவர் இடுப்பில்!

“நானே கேட்டுட்டேம்மா இவள. உனக்கு இன்னாதான் வேணும்னு. ‘ஆறாவது’ன்னா. அவ்ளோதான்.”

“அப்புறம்?”

“ஊட்டுல ஒரே பேஜாரு. கொழந்தைய யாரு பாக்கறதுன்னு இவங்கம்மா சத்தம். கடைசில, வயலாண்டையே தூளி கட்டிக்கினு மாத்தி மாத்தி பாத்துக்கலாம்னு பேசி முட்ச்சோம். ஸ்கூல் தொறந்ததும் இட்டுக்கினு வான்னு எட்மாஸ்டரு சொல்லிட்டாரு.”

மல்லிகா அலமாரிப் பக்கம் போனாள். “இதுல எது டீச்சர் பெரிய புக்கு?” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெருமைப்பட்டுக்கொள்ள முடியவில்லை. பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள் என்று வகுப்பெடுத்துவிட்டு நான் ரயிலேறிவிடுகிறேன்...

வெயிலில் தூளி கட்டப்போகிறவர்கள் அவர்கள்!